ஓடையை மூடிய வருஷம்

ஜனவரி 9

என்னங்க,

மாமா, வாலு, நான், மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் போய்ச் சேர்ந்ததாக எழுதிய நாலு வரி கிடைத்தது. அந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, படுக்க இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதாமல் என்ன கடிதம் அது?

நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே ஓடைவாயில் கம்பு நட்டுவிட்டோம். ஊரே வந்தது. கூட்டத்தில் எழுந்து, "ரெண்டு மழை போகட்டும், அதுவரைக்கும் இந்த ஓடையில யாரும் இறங்க வேண்டாம், நண்டு பெருகட்டும்" என்று பேசியவர் நீங்கள். நீங்கள் இல்லாமல் நட்டது எனக்குக் குறையாகத்தான் இருந்தது. தச்சர் அண்ணன் கம்பு சீவிக் கொண்டுவந்தார். வலைக்காரர் ஒவ்வொரு கம்பிலும் சிவப்புத் துணி கட்டினார். "இப்படிச் சிவப்பா கட்டினா நண்டுக்குக் கல்யாணம்னு நினைச்சு வெளியூர்க்காரன் எல்லாம் கூடையோட வந்து நிப்பான்" என்றாள் ஓடக்கார அக்கா. கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம்.

காவலுக்கு ஆறு பேர். தச்சர் அண்ணன், வலைக்காரர், ஓடக்கார அக்கா, கடைக்காரர், அவர் தம்பி, ஆறாவதாக நான். பரண் கட்டியிருக்கிறோம். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். யாராவது உள்ளே போனால் தகரத்தைத் தட்ட வேண்டும். மீறினவர்களின் படகு ஒரு மாதம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். யாராக இருந்தாலும் இதுதான் என்று தச்சர் அண்ணன்தான் சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதை எழுது என்கிறார். "நண்டுக்குக் காவல் போட்டாச்சு. எனக்கு யாருடா காவல்? உன் பெண்டாட்டி நேத்தும் வெறும் கீரைதான் வெச்சா." எழுதிவிட்டேன்.

வாலு, அப்பா வாங்கிவரப்போகும் சாமான்களைத் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி


ஜனவரி 27

என் வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் மூட்டுவலி எப்படி? வாலு பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறாளா?

படுக்க இடம் கேட்டாய். தகரக் கொட்டகை. பன்னிரண்டு பேர். மழை பெய்தால் பேசுவது கேட்காது, மழை இல்லாவிட்டால் குறட்டை. கண்ணுக்கு எட்டும் மட்டும் சதுரம் சதுரமாக இறால் குட்டைகள். ஒவ்வொரு குட்டையிலும் சக்கரம் சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் தீவனம் தூவுகிறோம், கரை உடைந்தால் மண் போடுகிறோம். சூப்பர்வைசர் மோசமான ஆள் இல்லை. ஆனால் வாயால் பேச மாட்டார், எல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் வா, இரண்டு என்றால் போ. உன்னை இவரிடம் ஒரு வாரம் விட்டால் விசிலை விழுங்கிவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். குட்டைக்கரையில் நடக்கும்போது காலில் ஏதோ இடறியது. தோண்டிப் பார்த்தேன். அலையாத்தி மரத்தின் அடிவேர். கூட வேலை செய்கிறவர் இந்தப் பக்கத்துக்காரர். "இங்க ஒரு ஓடை இருந்துச்சு. எங்கம்மா நண்டு பிடிச்சாங்க. அப்புறம் நண்டு போச்சு. நண்டு இல்லாத ஓடை யாருக்கு வேணும்னு குடுத்துட்டாங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் செய்தது சரி. அதை மட்டும் மறக்காதே. தச்சனுக்கும் வலைக்காரருக்கும் நான் விசாரித்ததாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன், நான்


மார்ச் 2

என்னங்க,

இங்கே எல்லாரும் சுகம். மாமாவின் மூட்டு அவரைவிடச் சத்தம் போடுகிறது. வாலு பள்ளிக்கூடம் போகும்போது அழுவதில்லை, வரும்போதுதான் அழுகிறாள், ஏன் விட்டார்கள் என்று.

தாமதமாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ஓடைக்கு வெளியே, வெளிநீரில் ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று ஓடக்கார அக்காவும் நானும் காலையிலிருந்து கொக்கிக் கம்பியோடு சேற்றில் அலைந்து, பொந்து பொந்தாகக் குத்தி, ஆளுக்கு மூன்று நண்டோடு வந்தோம். ஓடை திறந்திருந்த காலத்தில் வெளிநீர் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது ஊர் முழுக்க அதை நம்பி இறங்கினால் அதுதான் என்ன செய்யும்?

போன வாரம் ஓடையில் முதல் ஆள் அகப்பட்டான். தச்சர் அண்ணனின் மைத்துனன். வலைக்காரரும் நானும் காவலில் இருந்தோம். தகரத்தைத் தட்டினோம். தச்சர் அண்ணன் ஓடி வந்து, தன் மைத்துனன் என்றும் பார்க்காமல் அவரே முன்னால் நின்று படகை இழுத்துக் கவிழ்த்தார். அவன் முணுமுணுத்தான். "பேசாதே. நான்தான் கை தூக்கினேன், நீயும்தான் தூக்கினே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் தச்சர் வீட்டு அண்ணி அன்றைக்குக் கிணற்றடியில் என்னைத் தனியாக நிறுத்தி, "கைப்பிள்ளைக்குப் பால் பத்தலடி. நான் சாப்பிட்டாத்தானே ஊறும்" என்றாள். என்னிடம் இருந்த கிழங்கில் பாதியைக் கொடுத்தேன். நம் வீட்டிலும் இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டோம். மாமாவுக்கு மட்டும் மூன்று.

மாமா சொல்கிறார்: "காவல்காரி வீட்டுச் சாப்பாடு ஜெயில் சாப்பாடு மாதிரிதான் இருக்கு." இப்படிப் பேசிக்கொண்டே தன் தட்டிலிருந்து வாலுவின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

குட்டைத் தண்ணீரில் நிற்கும்போது காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 20

என் வாயாடிக்கு,

சுகம். உங்கள் சுகம் தெரிந்து மனம் ஆறுகிறது. நீயும் மூன்று வேளை சாப்பிடு.

தச்சன் செய்ததைக் கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அப்படியும் ஓர் ஊரா என்கிறார்கள். அந்த அடிவேரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இளகிவிடாதே. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அப்புறம் ஓடையில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். மைத்துனன் இல்லை, தச்சனே வந்தாலும் சரி, ஏன், எங்கப்பாவே வந்தாலும் சரி, படகு கவிழ்ந்தே ஆக வேண்டும். இந்தப் பசி ரெண்டு மழை வரைக்கும்தான். ஓடை போனால் வாலு காலத்துக்கும் பசிதான்.

இதை மற்ற ஐந்து பேருக்கும் வாசித்துக் காட்டு.

எல்லாரையும் கேட்டதாகச் சொல். தச்சன் வீட்டுக் கைப்பிள்ளையைக் கொஞ்சியதாகச் சொல்.

அன்புடன், நான்


மே 14

என்னங்க,

நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆசை.

உங்களுடைய கடிதம் வந்தது. வேலை அதிகமாக இருந்ததால் பதில் எழுத முடியவில்லை. ஓடைக்குக் காவல் நடக்கிறது. கம்புகள் அப்படியே இருக்கின்றன. வெளிநீர் பரவாயில்லை.

மாமா உங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு மாறுதலுக்காக. வாலுவுக்கு லேசாகச் சளி, அதனால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

அங்கே வெயில் அதிகமா? நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மே 30

என் வாயாடிக்கு,

நான் நலம் என்று எழுதுவதற்கு முன்னால் கேட்கிறேன், நீ நலமா?

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். அதில் ஆளே இல்லை. ஓடக்கார அக்கா இல்லை, தச்சன் இல்லை, கடைக்காரர் இல்லை. நீ எழுதினால் கரையில் நின்ற நாய் என்ன சொன்னது என்றுகூட எழுதுவாய். இதில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே. அக்கா வீட்டுத் தின்பண்டம் பிடிக்காது, அவள் மாமியார் பேச்சு பிடிக்காது என்று வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகாதவர், மாறுதலுக்குப் போனாரா? வாலுவுக்குச் சளி என்றால் எத்தனை நாளாகச் சளி?

இங்கே நிலைமை சரியில்லை. குட்டைகளில் நோய் விழுந்துவிட்டது. காலையில் பார்த்தால் இறாலெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே கடல் பக்கம் திறந்துவிட்டோம். திறந்துவிட்டவர்களில் நானும் ஒருவன். மதகுக்கு அந்தப் பக்கம் சில பெண்கள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று எங்களையே பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உடனே எழுது. நடந்ததை எழுது.

அன்புடன், நான்


ஜூலை 3

அன்பானவளே,

நீயும் குழந்தையும் நலமா? ஒரு மாதமாகியும் பதில் இல்லை.

நம் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவன் இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கிறான். நம் ஊர்க் கரையில் ஒரு படகு எரிந்தது என்றான். யார் படகு என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தீவனத்தைத் தூவச் சொன்னால் மூட்டையோடு குட்டையில் கொட்டிவிட்டு நிற்கிறேன்.

ஒரு வரி போதும். நீ இருக்கிறாய் என்று எழுது.

நான்


ஜூலை 19

என்னங்க,

உயிரோடு இருக்கிறேன். வாலுவும் இருக்கிறாள். அவளுக்குச் சளி இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அதனால் அனுப்பவில்லை. எரிந்தது நம் படகுதான்.

கேட்டீர்களே, நடந்ததை எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம். நீர் இறங்கிக்கொண்டிருந்தது. என்னோடு காவல் இருக்க வேண்டிய கடைக்காரர் வரவில்லை. ஓடையின் இரண்டாவது வளைவில் கிளைகளுக்கு அடியில் ஒரு படகு தெரிந்தது. வெளியூர்ப் படகு என்று நினைத்துக்கொண்டு கரையோரமாகப் போனேன். தச்சர் அண்ணன் இடுப்பளவு சேற்றில் நின்றார். அண்ணி படகில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. கூடையில் நாலைந்து நண்டு, என் உள்ளங்கை அளவுகூட இல்லை.

"தங்கச்சி, நீ பாக்கல. நான் வரல. சரியா?" என்றார்.

அண்ணி முந்தானையால் கூடையை மூடினாள். பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லாத பிள்ளை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தச்சனே வந்தாலும் சரி என்று எழுதினீர்கள். அந்த வரி எனக்கு மனப்பாடம். திரும்பிப் போனேன், பரணில் ஏறினேன், தகரத்தைத் தட்டினேன்.

எல்லாரும் வந்தார்கள். படகைக் கவிழ்க்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவர் கட்டிய படகை அவரே தனியாகக் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உன் புருஷன் எந்திரிச்சுப் பேசினான், கேட்டோம். பேசிட்டு பஸ் ஏறிட்டான். அவன் அங்க மூணு வேளை சாப்பிடுறான். எங்களுக்கு எந்த பஸ்ஸு?" இதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூத்த பிள்ளையை அண்ணியின் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று.

அதற்குப் பிறகு காவலுக்கு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைக்காரருக்குக் கடை, அவர் தம்பிக்கு முதுகுவலி. வலைக்காரர் மட்டும் நேராகச் சொன்னார்: "எனக்கு இதுல நம்பிக்கை போயிடுச்சும்மா." ஓடக்கார அக்கா கடைசி வரைக்கும் இருந்தாள். அப்புறம் அவள் ஓடத்தில் யாரும் ஏறவில்லை. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது நான் துறைக்குப் போனால் ஓடத்தை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாள். கிணற்றடியில் நான் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகர்கின்றன. மாமா மாறுதலுக்குப் போகவில்லை. "தச்சன் வீட்டு வாசல் வழியா நான் எப்படிம்மா நடக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அழுதார்.

படகு எரிந்தது ஜூன் மாதம். யார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது, தெரிந்தால் அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

காவல் நடக்கிறது என்று எழுதினேனே, அது பொய்யில்லை. நான்தான் காவல். நானும் வாலுவும் பரணில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்குப் பேச ஆள் இல்லாததால் ஓடைத் தண்ணீரோடு பேசுகிறாள். ஊரார் ஓடை என்று பெயர். அதை ஊராரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பேசிய வாய் உங்களுடையது. ஏச்சு வாங்கும் காது மட்டும் எனக்கு.

இனி என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 4

என் உயிரே,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

விட்டுவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே பரணை விட்டு இறங்கி வீட்டுக்குப் போ. ஓடை போனால் போகட்டும். எனக்கு நீ வேண்டும், குழந்தை வேண்டும். தச்சன் வீட்டுக்குப் போய் நான் சொன்னேன் என்று சொல், அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று சொல்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், ஊருக்குப் போக வேண்டும் என்றேன். நோய் விழுந்த குட்டைகளைத் தூர்த்து முடிக்கும் வரை யாரையும் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார். முதல் முறையாக விசில் இல்லாமல், வாயால் சொன்னார். செப்டம்பர் கடைசியில் விடுவார்களாம். அதுவரைக்கும் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

அக்கா வீட்டுக்கு நீயும் போய்விடலாம். நான் அவளுக்கு எழுதுகிறேன். பிடிவாதம் வேண்டாம்.

நான்


ஆகஸ்ட் 24

என்னங்க,

நாங்கள் இருவரும் சுகம். நிஜமாகவே சுகம். வாலு பள்ளிக்கூடம் போகிறாள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன், ஒரு நாள் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. நடு மதியத்தில் கரைக்குப் போய்த் தகரத்தைத் தட்டினேன். ஓடையில் யாரோ இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து எல்லாரும் வந்தார்கள். தகரத்தையும் கட்டையையும் அவர்கள் முன்னால் மணலில் வைத்தேன். "இனிமே நான் காவல் இல்ல. இது உங்க ஓடை. என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க" என்றேன்.

அப்புறம் தச்சரின் மைத்துனன், "அப்ப திறந்தாச்சுன்னு அர்த்தம்" என்றான். யாரும் மறுக்கவில்லை. கை தூக்கச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் நீர் இறங்கியதும் ஊரே இறங்கியது. குழந்தை குட்டிகளோடு. நானும் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் என்ன செய்வேன், வாலு முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சேற்றில் குனிந்து நின்றேன். முதுகில் ஒரு உருண்டைச் சேறு வந்து விழுந்தது. திரும்பினால் வலைக்காரர் பெண்டாட்டி. "ஏய் காவக்காரி, எந்தப் பொந்துல என்ன இருக்குன்னு உனக்குத்தானே தெரியும். எங்களுக்கும் காட்டுடி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒருத்தி பேசுகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

காட்டினேன். எந்த வளைவில் பெரியது இருக்கிறது, எந்த வேருக்கு அடியில் கூட்டமாக இருக்கிறது, நீர் ஏறும்போது எங்கே ஒளியும், எல்லாவற்றையும் காட்டினேன். பரணில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எல்லாம். அவர்கள் என்னைக் கையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார்கள். ஓடக்கார அக்கா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், அவளைத் தூக்கப்போய் நானும் விழுந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் சந்தோஷமாக இருந்தேனுங்க. அந்த ஓடையின் நடுவில் நின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று நாள் ஆயிற்று. கடைசி நாள் மண்வெட்டி கொண்டுவந்துவிட்டார்கள். பொந்தைப் பிளந்து எடுத்தார்கள். வயிற்றில் முட்டையோடு இருந்ததையும் விடவில்லை, நகம் அளவு குஞ்சையும் விடவில்லை. இருந்தது எல்லாருக்கும் போதவும் இல்லை. வளர வேண்டிய நண்டுதானே. நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். சேறு முழுக்கக் கால் தடம். தண்ணீர் ஏறி வந்து பொந்துகளில் நிறைந்து இறங்கியது, எதுவும் அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் குட்டைக்கரையில் காலில் தட்டுப்பட்ட வேர் நினைவுக்கு வந்தது.

எனக்கு என்ன தண்டனை என்று யாரைக் கேட்பது?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான்


செப்டம்பர் 10

அன்பானவளே,

நீயும் வாலுவும் ஆளோடு ஆளாக இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும்.

உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து படித்தேன். நீ சிரித்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. தண்டனை என்று எழுதாதே. நானாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன், முதல் ஆளாகக் கூடையோடு இறங்கியிருப்பேன்.

இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வந்ததும் முதல் வேலை, ஊரைக் கூட்டிப் பேசப்போகிறேன். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். மறுபடி மூட வேண்டும், இந்தத் தடவை மூன்று மழைக்கு. இந்த ஊர்க் குட்டைகளைப் பற்றிச் சொன்னால் கல்லும் கரையும். நீ பார்த்துக்கொண்டே இரு.

அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வருகிறேன். வாலுவுக்கு என்ன வேண்டும் என்று கடைசியாக ஒரு முறை கேட்டு எழுது.

நான்


செப்டம்பர் 21

என்னங்க,

நானும் வாலுவும் நலம். நீங்கள் வரும் தேதியை அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னால் தூங்க மாட்டாள்.

இந்தக் கடிதம் நீங்கள் புறப்படுவதற்குள் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

போன வாரம் தச்சர் அண்ணன் நம் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியில் கால் வைக்கவும் இல்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு மதியம் கூட்டம். வரணும்னா வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன். கடைசியில், வலைகள் காயும் இடத்தில் உட்கார்ந்தேன். ஓடையில் ஒன்றும் இல்லை, வெளிநீரிலும் இல்லை, இரண்டு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலை தேடிப் போய்விட்டது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். "மறுபடி மூடத்தான் வேணும், வேற வழி இல்ல" என்றார் வலைக்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். போன தடவை மாதிரியே கை தூக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன்.

அப்போது தச்சர் வீட்டு அண்ணி எழுந்தாள். இடுப்பில் அந்தப் பிள்ளை. தேறிவிட்டது, கால் கொஞ்சம் மெலிவு.

"மூடுங்க, நான் வேணாங்கல. மூடின அன்னைக்குச் சாயங்காலம் என் அடுப்புல என்ன வைக்கிறது? அதைச் சொல்லிட்டு மூடுங்க" என்றாள்.

போன தடவை இதை ஒருவரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் உட்காரவில்லை. பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் ஓடக்கார அக்கா, ஓடையைப் பாதியாகப் பிரிக்கலாமா என்றாள். உள்பாதியை மூடிவிட்டு வெளிப்பாதியில் கைப்பிள்ளை இருக்கும் வீடுகள் முதலில் இறங்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அதெப்படி, கிழவர்கள் இருக்கும் வீடு என்ன பாவம் செய்தது என்று சண்டை. வெளிநீரில் கிடைப்பதை எல்லா வீட்டுக்கும் பங்கு வைக்கலாம் என்றார் கடைக்காரர், அவர் வீட்டிலேயே அதற்கு எதிர்ப்பு. பொழுது சாயும் வரை கத்தினார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. மறுநாளும் கூடினோம், அதற்கு மறுநாளும். காவல் யார் என்ற பேச்சு இன்னும் வரவே இல்லை. முதலில் அடுப்பு என்கிறார்கள்.

நடக்குமா என்று எனக்குத் தெரியாது. ஓடையில் மீண்டும் நண்டு வருமா என்றும் தெரியாது. அண்ணி என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசுவாள் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. அவள் உட்காரும்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்காருகிறாள்.

நீங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். அந்தக் குட்டைகளைப் பற்றி எல்லாரும் கேட்க வேண்டியதுதான், அதற்கும் ஒரு நாள் வரும். ஆனால் யோசித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நிற்காதீர்கள். என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அண்ணி கேட்டதற்கு உங்களிடம் பதிலே இருந்தாலும், முதல் நாள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் நின்றுகொண்டிருப்பதைப் பாருங்கள்.

வழியில் பத்திரம். மாமாவை மெதுவாக நடத்திக் கூட்டிவாருங்கள்.

உங்கள் மனைவி